திரும்ப மறுக்கும் இடுப்பும் கோல்ஃப் வீச்சும்: மூத்த ஆட்டக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை 60 வயதைக் கடந்த கோல்ஃப் ஆட்டக்காரர்களிடமிருந்து வந்தவை. பதில்கள் அனைத்தும் வலக்கை ஆட்டக்காரர்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டுள்ளன. இடக்கையால் ஆடுபவர்கள் இடத்தையும் வலத்தையும் மாற்றிப் படித்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எனக்கு வயது 67. அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் வாரம் இருமுறை ஆடுகிறேன். யூடியூபில் ஒரு பயிற்சியாளர், இடுப்பை அசைக்காமல் தோளை மட்டும் முழுதாகத் திருப்பினால்தான் பந்து தூரம் போகும் என்கிறார். அப்படி முயலத் தொடங்கியதிலிருந்து, 12-ஆவது குழியைத் தாண்டியதும் கீழ் முதுகின் வலப்பக்கம் வலிக்கிறது. என் உடம்பு இறுகிவிட்டதா, நான் திருப்பும் முறை தவறா?
– வாசகர், பங்சார், கோலாலம்பூர்

பதில்: ஐயா, உங்கள் உடம்பு ஓரளவு இறுகியிருக்கலாம், ஆனால் வலிக்கு முதற்காரணம் அந்த அறிவுரைதான் என்று கருதுகிறேன். மட்டையைப் பின்னுக்கு எடுத்துச் செல்லும்போது தேர்ந்த ஆட்டக்காரரின் தோள்கள் ஏறத்தாழ 90 பாகை திரும்புகின்றன என்பது உண்மை. அந்த 90 பாகையை உடம்பின் ஒரே இடம் தந்துவிடுவதில்லை. இடுப்பெலும்பு வலது இடுப்பு மூட்டின்மேல் சுழன்று ஒரு பெரும்பங்கைத் தருகிறது. விலா எலும்புகள் பொருந்தியிருக்கும் மேல் முதுகின் 12 முள்ளெலும்புகள் மற்றொரு பெரும்பங்கைத் தருகின்றன. இவற்றுக்கு நடுவே இருக்கும் கீழ் முதுகின் 5 முள்ளெலும்புகளோ, அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் பக்க மூட்டுகள் அமைந்துள்ள விதத்தால், ஒவ்வொன்றும் ஒரு பக்கத்துக்கு 2 பாகை அளவே சுழல முடியும். ஐந்தையும் கூட்டினாலும் 10 பாகையைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். கதவுக் கீலைப் போல முன்னும் பின்னும் மடங்குவதற்கென்றே அமைந்த பகுதி அது.

இடுப்பை இறுக்கிப் பிடித்துத் தோளை மட்டும் திருப்பும் பாணி புகழ்பெற்றதற்கு ஒரு வரலாறு உண்டு. தோள் திரும்பும் அளவுக்கும் இடுப்பு திரும்பும் அளவுக்கும் உள்ள இடைவெளி கூடினால் பந்து தூரம் போகும் என்று 1992-இல் அமெரிக்கப் பயிற்சியாளர் ஜிம் மெக்லீன் எழுதினார். இளைஞர்களுக்கு அது பொருந்தக்கூடிய கருத்துதான். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேசை முன் அமர்ந்து வேலை பார்த்த ஒருவரின் மேல் முதுகு அந்த இடைவெளியைத் தராது. இடுப்பையும் நீங்களே பிடித்து நிறுத்திவிட்டால், கேட்கப்படும் சுழற்சி கீழ் முதுகின் தலையில் வந்து விழுகிறது. பிறகு மட்டை கீழே இறங்கிப் பந்தைத் தொடும்போது உடல் வலப்பக்கமாகச் சாய்ந்துகொண்டே சுழல்கிறது. சாய்வும் சுழற்சியும் ஒரே நேரத்தில் சேர்வதால் வலப்புறப் பக்க மூட்டுகள் அழுத்தம் பெறுகின்றன. 12-ஆவது குழி வரை தசைகள் அதைத் தாங்கியிருக்கின்றன; அவை களைத்ததும் மூட்டுகள் பேசத் தொடங்குகின்றன.

யூடியூப் பயிற்சியாளர்கள் எல்லாரும் தவறு என்று சொல்லவில்லை. திரையில் ஆடிக்காட்டுபவரின் வயதை மட்டுமாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

பழைய பாணி வேறு. அமெரிக்கச் சாதனை ஆட்டக்காரர்களான பாபி ஜோன்ஸும் அவருக்குப் பல்லாண்டுகள் பின்வந்த ஜாக் நிக்லஸும் மட்டையைப் பின்னுக்கு எடுக்கும்போது இடது குதிகாலைத் தரையிலிருந்து உயரவிட்டார்கள். குதிகால் உயர்ந்தால் இடுப்பு தாராளமாகத் திரும்பும். இடுப்பு திரும்பினால் கீழ் முதுகு முறுக்கப்பட வேண்டியதில்லை. நிக்லஸ் இந்த வீச்சைக் கொண்டுதான் 46 வயதில், 1986-இல், தமது 18-ஆவது பெரும் பட்டத்தை (‘மேஜர்’ எனப்படும் முதன்மைப் போட்டிகளின் பட்டத்தை) வென்றார். ஆகவே முதலில் குதிகாலை விடுதலை செய்யுங்கள். வலது பாதத்தின் விரல்களையும் சற்று வெளிப்புறமாகத் திருப்பி வைத்துக்கொண்டால் பின்வீச்சு இன்னும் எளிதாகும். 90 பாகைக்குப் பதில் 70 பாகை கிடைத்தாலும் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். அடித்து முடிக்கும்போது பின்பக்கமாக வளைந்து நிற்காமல், வலது குதிகால் முழுவதும் எழும்பி, மார்பு இடது காலுக்கு நேர்மேலே வந்து நிமிர்ந்து நிற்பதாக வீச்சு முடிய வேண்டும்.

மேல் முதுகு எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதை வீட்டிலேயே அறியலாம். நாற்காலியில் அமர்ந்து, இரு முழங்கால்களுக்கிடையே ஒரு தலையணையை இடுக்கி, மட்டையை மார்பின் குறுக்கே கைகளால் அணைத்துக்கொண்டு இருபுறமும் திரும்பிப் பாருங்கள். தலையணை நழுவாமல் ஒவ்வொரு பக்கமும் 45 பாகை, அதாவது நேருக்கும் பக்கத்துக்கும் நடுவே, திரும்ப முடிந்தால் போதுமானது. முடியாவிட்டால், ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை வயிற்றுப் பக்கம் மடக்கி, இரு கைகளையும் முன்னால் சேர்த்து நீட்டி, மேலே உள்ள கையை மட்டும் மெல்ல எழுப்பி முதுகுப்புறத் தரையை நோக்கிக் கொண்டுபோகும் பயிற்சியைச் செய்யுங்கள். மூச்சை வெளியே விட்டபடி, ஒவ்வொரு பக்கமும் 8 முதல் 10 முறை, நாள்தோறும். முழங்கால்கள் விலகக் கூடாது. விலகினால் திரும்புவது கீழ் முதுகுதான். பலன் தெரிய வாரங்கள் ஆகும், நாள்கள் அல்ல. வலி காலுக்கு இறங்கினாலோ, மரத்துப்போனாலோ, இரவில் படுக்கையிலும் விடாமல் வலித்தாலோ, சிறுநீர் கழிப்பதில் மாற்றம் தெரிந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: வயது 71. நாள்தோறும் பூசையறையில் அரைமணி நேரம் சம்மணமிட்டு அமர்கிறேன். கோயிலிலும் தரையில்தான் உட்காருவேன். என் வயது நண்பர்களில் பலருக்கு அது முடியாது. அப்படியிருந்தும் என் பயிற்சியாளர் எனக்கு இடுப்பு மூட்டு இறுக்கம் என்கிறார். அடித்து முடிக்கும்போது இடது முழங்காலில் ஓர் இழுப்பு இருப்பதும் உண்மை. அவர் சொல்வதை நம்பலாமா?
– வாசகர், ஜார்ஜ்டவுன், பினாங்கு

பதில்: நம்பலாம், ஐயா. சம்மணமிடும்போது தொடை எலும்பு இடுப்பு மூட்டுக்குள் வெளிப்புறமாகச் சுழல்கிறது. கோல்ஃப் வீச்சுக்கு வேண்டியது அதற்கு நேரெதிரான உட்புறச் சுழற்சி. பின்வீச்சில் வலது பாதம் தரையில் ஊன்றியிருக்க, இடுப்பெலும்பு வலது தொடையை நோக்கித் திரும்புகிறது. முன்வீச்சில் இடது பாதம் ஊன்றியிருக்க, இடுப்பெலும்பு இடது தொடையை நோக்கிச் சீறித் திரும்புகிறது. இரண்டு வேளையிலும் மூட்டு உட்புறமாகச் சுழல்வதற்கு இடம் தர வேண்டும். வயதாகும்போது முதலில் குறைவதும் பெரும்பாலும் இந்தச் சுழற்சிதான். இடுப்பு மூட்டுத் தேய்மானத்தின் ஆரம்ப அறிகுறிகளிலும் இது ஒன்று. ஆகவே ஒருவர் கோயிலில் மணிக்கணக்கில் சம்மணமிட்டு உட்காரவும் முடியும், கோல்ஃப் திடலில் இடுப்பு திரும்பாமல் தடுமாறவும் முடியும்.

சோதித்துப் பாருங்கள். பாதங்கள் தரையில் படாத உயரமான மேசை விளிம்பில் அமர்ந்து, முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, இரு பாதங்களையும் ஒன்றைவிட்டு ஒன்று வெளிப்புறமாக விலக்குங்கள். கெண்டைக்கால் நேர்கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அதுவே உங்கள் உட்சுழற்சி. இளைஞர்களுக்கு 35 முதல் 45 பாகை வரை வரும். உங்கள் வயதில் 25 வந்தாலும் ஆடலாம். இடது பக்கம் மட்டும் 10 அல்லது 15 பாகையில் நின்றுவிட்டால் அதுதான் சிக்கல். முதுகுவலி உள்ள கோல்ஃப் ஆட்டக்காரர்களைப் பரிசோதித்த சில ஆய்வுகளிலும் முன்காலின் (வலக்கை ஆட்டக்காரருக்கு இடது காலின்) உட்சுழற்சி குறைவாக இருப்பதே கண்டறியப்பட்டுள்ளது.

உங்கள் முழங்கால் இழுப்புக்கும் விளக்கம் இங்கேயே இருக்கிறது. இடுப்பு மூட்டு சுழல மறுத்தால், ஆணிக் காலணி பாதத்தைத் தரையோடு பிடித்து வைத்திருக்க, மேலிருந்து வரும் சுழற்சிக்கு அடுத்ததாகக் கிடைக்கும் மூட்டு முழங்கால்தான். முழங்காலோ அவ்வாறு முறுக்கப்படுவதற்கென அமைந்ததன்று.

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. இரண்டையும் சேர்த்தே செய்யச் சொல்வேன். முதலாவது இன்றே செய்யக்கூடியது: பந்தின் முன் நிற்கும்போது இடது பாதத்தின் விரல்களை இலக்கை நோக்கி 20 முதல் 30 பாகை வரை திருப்பி வையுங்கள். பாதம் முன்கூட்டியே திரும்பியிருப்பதால் மூட்டு சுழல வேண்டிய தூரம் அந்த அளவுக்குக் குறைகிறது. அப்போதும் முழங்கால் இழுத்தால், அடித்து முடித்ததும் இடது பாதத்தின் முன்பகுதி தரையில் வழுக்கித் திரும்ப விடுங்கள். தட்டையான அடிப்பகுதி உள்ள காலணி இதற்கு உதவும். இரண்டாவது பொறுமையாகச் செய்ய வேண்டியது: மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களை இடுப்பைவிட அகலமாக வைத்து, ஒரு முழங்காலை மட்டும் உள்நோக்கித் தரைப்பக்கம் சாயவிட்டுச் சில மூச்சுகள் வரை நிறுத்துங்கள், பின்பு மறுகால். தொடை இடுக்கில் முன்புறம் குத்தினால் அந்த இடத்தைத் தாண்டி அழுத்தக் கூடாது. எலும்பு வளர்ந்து தடுக்கும் மூட்டை எந்தப் பயிற்சியும் நீட்டிவிடாது. அப்படிப்பட்டவர்களுக்குப் பாதத்தைத் திருப்பி வைப்பது ஒன்றே நேர்மையான தீர்வு. சம்மணத்தைக் கைவிட வேண்டியதில்லை.

கேள்வி: வெயிலுக்குப் பயந்து காலை 7.30 மணிக்கே ஆட்டத்தைத் தொடங்குகிறோம். முதல் நான்கு குழிகளில் உடம்பு மரக்கட்டையாக இருக்கிறது. கால் விரலைத் தொடும் பயிற்சியைப் படுக்கையிலிருந்து எழுந்ததும் செய்கிறேன், பலன் இல்லை.
– வாசகர், செராஸ், கோலாலம்பூர்

பதில்: எழுந்ததும் குனிந்து கால் விரலைத் தொடுவதை நிறுத்திவிடுங்கள். இரவு முழுவதும் படுத்திருக்கும்போது முதுகெலும்புத் தட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் மணி நேரத்தில் ஆழமாகக் குனிவது அவற்றுக்குக் கூடுதல் அழுத்தம். கோலாலம்பூரில் விடிவதே 7 மணியை ஒட்டித்தான் என்பதால், உங்களில் பலர் படுக்கையிலிருந்து எழுந்து, காரில் அமர்ந்து, ரொட்டி சானாயும் தே தாரேக்கும் முடித்து, நேராக நெடுந்தூர அடிக்கான ‘டிரைவர்’ மட்டையைக் கையில் எடுக்கிறீர்கள். நடப்பதற்கான வாய்ப்பே அமைவதில்லை.

கார் நிறுத்துமிடத்திலிருந்து தொடங்கி ஐந்து நிமிடம் விறுவிறுப்பாக நடவுங்கள். பிறகு பக்கியை (திடலில் ஓட்டும் சிறு வண்டியை) பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் முன்னும் பின்னும் ஆட்டி, மட்டையைத் தோள்களின் மேல் வைத்து இருபுறமும் மெல்லத் திரும்பி, குறுந்தூர மட்டையான 9-ஆம் எண் அயர்னால் பாதி வீச்சில் சில பந்துகளை அடித்த பிறகே பெரிய மட்டையைத் தொடுங்கள். ஒரே நிலையில் நெடுநேரம் நிறுத்தி இழுக்கும் பயிற்சிகள் தசையின் வேகத்தைச் சிறிது நேரம் குறைக்கும். அவற்றை ஆட்டத்துக்குப் பின்போ மாலையிலோ வைத்துக்கொள்ளலாம். காரின் பின்பெட்டியிலிருந்து மட்டைப் பையை ஒரு கையால் திருகி எடுப்பதும் முதுகைப் பதம் பார்க்கும். அதற்குக் கோல்ஃபைக் குறை சொல்பவர்கள் பலர்.

கேள்வி: மட்டையை மாற்றினால் இழந்த தூரம் திரும்பக் கிடைக்குமா?
– வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: ஓரளவு கிடைக்கும். எடை குறைந்த, எளிதில் வளையும் கிராஃபைட் தண்டு, நீண்ட அயர்ன்களுக்குப் பதில் அடிக்க எளிதான ஹைபிரிட் மட்டை, விரல் மூட்டு வலிக்குத் தடித்த பிடி. இவற்றைவிட மலிவான வழி, குழிக்கு இன்னும் அருகே, முன்னால் உள்ள டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து) ஆடுவது. அதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை.

கேள்வி: எனக்கு 64 வயது. என் கணவரோடு சேர்ந்து கோல்ஃப் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறேன். அண்மையில் எடுத்த எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் முதுகெலும்பின் டி மதிப்பு (இளம் வயதினரின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிடும் அளவு) கழித்தல் 2.7 என்று வந்தது. எலும்பு முறிவு எதுவும் ஏற்பட்டதில்லை. மகள் வேண்டவே வேண்டாம் என்கிறாள்.
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அம்மா, கழித்தல் 2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அது எலும்புப்புரை என்று கொள்ளப்படுகிறது. ஆகவே உங்கள் மகளின் அச்சம் காரணமற்றதன்று. மெலிந்த முள்ளெலும்புக்கு ஆபத்தானது, முதுகைக் கூனி முன்புறம் வளைத்தபடியே வேகமாக முறுக்குவது. முழு வீச்சில் டிரைவரை அடிக்கும் தொடக்கநிலை ஆட்டக்காரர் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறார். ஆனால் கோல்ஃப் என்பது டிரைவர் மட்டும் அன்று. பந்தைக் குழிக்குள் மெல்ல உருட்டும் பட்டிங்கும், குழி உள்ள பசும்புல் மேட்டைச் சுற்றிய குறு வீச்சுகளும் ஆட்டத்தின் பெரும்பகுதி. அவற்றில் முறுக்கு மிகக் குறைவு.

முதலில் எலும்புக்கான சிகிச்சையை மருத்துவரிடம் பேசித் தொடங்குங்கள். முழு வீச்சுக்கு அனுமதி உண்டா என்பதையும் அவரிடமே கேளுங்கள். உடற்பயிற்சி என்ற வகையில் உங்களுக்கு வேண்டியது முதலில் வலிமையும் சமநிலையும். நெகிழ்வு அதற்குப் பின்னர்தான். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து அமர்வது, சமையலறை மேசையைத் தொட்டபடி ஒற்றைக்காலில் நிற்பது ஆகியவை தொடக்கமாக அமையட்டும். பந்தின்முன் நிற்கும்போது முதுகைக் கூனாமல் இடுப்பு மூட்டிலிருந்து சாயக் கற்றுக்கொள்ளுங்கள்: மட்டையை முதுகுத்தண்டின் நெடுகப் பிடித்து, தலையின் பின்புறம், மேல் முதுகு, வால் எலும்பு ஆகிய மூன்று இடங்களிலும் அது விலகாதபடி சாய்ந்து பழகுவது நல்ல வழி. மேல் முதுகு ஏற்கெனவே கூனியிருந்து தலை மட்டையைத் தொடவில்லை என்றால் வலிந்து தொட வேண்டாம். குழியிலிருந்து பந்தை எடுக்க, பட்டிங் மட்டையான பட்டரின் பிடியில் பொருத்தும் சிறிய உறிஞ்சு குமிழ் கடைகளில் கிடைக்கிறது. கணவரையே எடுத்துத் தரச் சொன்னாலும் சரி.

கேள்வி: நீரிழிவு 15 ஆண்டுகளாக உண்டு. வயது 66. கடந்த ஆறு மாதங்களாக இடது தோளை உயர்த்த முடியவில்லை. உறைந்த தோள் என்றார்கள். தொங்கிப் பயிற்சி செய்தால் விரைவில் சரியாகும் என்று நண்பர் சொல்கிறார்.
– வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: தொங்க வேண்டாம். வலி மிகுந்திருக்கும் கட்டத்தில் வலிந்து இழுப்பது மூட்டுறையின் அழற்சியைக் கூட்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு உறைந்த தோள் மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது. நம் சமூகத்தில் இந்தக் கேள்வி அடிக்கடி வருவதில் வியப்பில்லை. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாக இந்தியர்களிடமே அது மிக அதிகம். இந்நோய் வலிக்கும் கட்டம், இறுகும் கட்டம், இளகும் கட்டம் என்று நகர்ந்து, தணிய ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை எடுக்கும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும், வலியைக் கூட்டாத மென்மையான அசைவுகளும், தேவைப்பட்டால் மருத்துவர் தரும் ஊசியும் இப்போதைக்குப் போதும்.

உறைந்த தோளில் பெரிதும் பறிபோவது கை வெளிப்புறமாகச் சுழலும் ஆற்றல். இடது தோள் உறைந்தவருக்கு வீச்சின் முடிவில், கை தோளுக்கு மேலே எழும் இடத்தில், தடை வரும். வலது தோள் உறைந்தவருக்குப் பின்வீச்சின் உச்சியில் வரும். ஆகவே நீங்கள் பட்டிங்கைத் தொடரலாம். வலி தணிந்த பின், கைகள் இடுப்புயரத்தைத் தாண்டாத குறுவீச்சோடு தொடங்கி, மார்போடு கையும் சேர்ந்தே திரும்புமாறு பார்த்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுபவரானால் மட்டைப் பையில் இனிப்பு ஏதேனும் இருக்கட்டும். 18 குழி நடப்பது சர்க்கரையை நன்றாகவே இறக்கும்.

கேள்வி: இடது இடுப்பு மூட்டை மாற்றி நான்கு மாதங்கள் ஆகின்றன. வயது 69. பழையபடி புக்கிட் ஜம்புல் மேட்டிலுள்ள கோல்ஃப் திடலில் ஆட முடியுமா?
– வாசகர், பாயான் பாரு, பினாங்கு

பதில்: மாற்று மூட்டோடு ஆடுவது புதிதல்ல. ஜாக் நிக்லஸ் 1999-இல் இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டார். மற்றோர் அமெரிக்க ஆட்டக்காரரான டாம் வாட்சன் 2008 அக்டோபரில் மாற்றிக்கொண்டு, அடுத்த ஆண்டு ஜூலையில், 59 வயதில், டர்ன்பெரியில் நடந்த பிரிட்டிஷ் ஓபனின் இறுதிக் குழியில் ஒரே ஒரு அடியில் பட்டத்தைத் தவறவிட்டு, பின்னர் நடந்த கூடுதல் ஆட்டத்தில் ஸ்டூவர்ட் சிங்க் என்பவரிடம் தோற்றார். உங்களிடம் யாரும் அவ்வளவு எதிர்பார்க்கவில்லை. இடுப்பு மூட்டு மாற்றியவர்களில் பலர் 3 முதல் 6 மாதங்களில் திடலுக்குத் திரும்புகிறார்கள். ஆனால் உங்கள் தேதியை அறுவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அவரிடம் மறவாமல் கேட்க வேண்டியது, மூட்டை முன்புற வழியாக மாற்றினாரா, பின்புற வழியாக மாற்றினாரா என்பது. பின்புற வழியென்றால், ஆழமாகக் குனிந்த நிலையில் தொடை உட்புறமாகச் சுழல்வதே மூட்டு நழுவக்கூடிய நிலை. பந்தை எடுக்க இடது காலை ஊன்றி, உடலை இடப்பக்கமாகத் திருப்பிக்கொண்டு குனிவது ஏறக்குறைய அதே நிலைதான். இடது காலைப் பின்னுக்கு நீட்டி, பட்டரை ஊன்றியபடி வலது காலில் சாய்ந்து எடுக்கப் பழகுங்கள். அடிக்கும்போது இடது பாதத்தை வெளிப்புறமாகத் திருப்பி வைப்பது உங்களுக்குக் கட்டாயம்.

புக்கிட் ஜம்புல் திடலைப் பொறுத்தவரை, அங்கே வீச்சைவிடச் சரிவுதான் எனக்குக் கவலை தருகிறது. பந்து பாதத்தைவிடத் தாழ்வாகக் கிடக்கும்போது கூடுதலாகக் குனிய வேண்டியிருக்கும். ஈரப் புல்லில் சரிவில் இறங்குவது ஏறுவதைவிடக் கடினம். முதலில் சமதளமான திடலில் 9 குழி ஆடித் திரும்புங்கள். அதன்பின் மேட்டுக்குச் செல்லும்போது பக்கியைச் சரிவின் அடிவரை ஓட்டிச் செல்லுங்கள். பந்து தாழ்வான சரிவில் கிடந்தால், நண்பர்களிடம் சொல்லிவிட்டு அதைச் சமமான இடத்துக்கு மாற்றி வைத்து அடியுங்கள். போட்டி ஆட்டமாக இல்லாதவரை அதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.